சொல்லுக்குத் திரும்பும் கண்

வீட்டில் தமிழும், சந்தில் ஹிந்தியும், பள்ளியில் மராத்தியும் காதில் விழ வளரும் மும்பைத் தாராவிக் குழந்தையொன்று நான்கு வயதாகியும் வாய் திறவாதிருந்தால், பாந்த்ராவில் 1983-இல் தோன்றிய அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் முதலில் செவியைச் சோதிப்பார்கள். செவியில் பழுதில்லையெனில், பாஷை புரியவில்லையா, புரிந்தும் விடை சொல்ல இயலவில்லையா என்ற சந்தேகம் எஞ்சும். ‘பூனையைக் காட்டு’ என்றால் விரலை நீட்டுவதற்குக்கூட இணங்கும் மனமும் கையின் வசமும் வேண்டுமல்லவா?

கண்ணோ கட்டளைக்குக் காத்திராது. காதில் விழும் சொல்லுக்குரிய படத்தின்மேல் பார்வை தானே ஓடுவதை 1974-இல் ஆய்வாளர் ரோஜர் கூப்பர் எழுதிவைத்தார். அதையே சோதனையாக்கும்போது, திரையில் ஒருபுறம் பூனையும் மறுபுறம் குடையும் தோன்ற, ‘பூனை எங்கே?’ என்று குரலொன்று வினவ, திரைக்கடியிலுள்ள கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண்மீது வீசி, கருவிழியில் மின்னும் சிறு பிரதிபிம்பத்துக்கும் பாவையின் மையத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு, பார்வை விழுந்த இடத்தை விநாடிக்கு 60 தடவையோ அதற்கு மேலோ குறித்துக்கொள்கிறது.

ஆயினும் கருவியின் சாட்சியத்தை அப்படியே நம்பலாகாது. பூனைப் பிரியனான குழந்தை எச்சொல்லுக்கும் பூனையையே பார்க்கும். ஆதலால் சொல் ஒலிக்குமுன் பார்த்த அளவைக் கழித்தே கணிக்கிறார்கள். ஆட்டிசமுள்ள சில குழந்தைகளுக்கு ஒரு படத்திலிருந்து பார்வையைப் பெயர்ப்பதே சிரமம். அத்தாமதத்தைச் சொல்லறியாமை என்று எண்ணுவது பெரும் பிழை. தாராவியிலோ சிக்கல் இன்னொன்று: ‘பூனை’க்கு அசையாத கண், ஹிந்தியில் ‘பில்லி’ என்றோ மராத்தியில் ‘மாஞ்சர்’ என்றோ கேட்டதும் சட்டெனத் திரும்பிவிடக் கூடும்.