கதவைச் சாத்திய வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடங்கள் ஒரு வார விடுமுறைக்காக மூடியிருந்த நேரம். பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு ஆட்டமும் பாட்டமுமாக இருந்தார்கள். 16-ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதி முதல் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டே வாரம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால், முதலாம் வகுப்புப் பிள்ளை மறுபடியும் சீருடை மாட்டியபோது ஜூலை 22 ஆகிவிட்டது! அதோடு விட்டதா? நவம்பரில் பல மாநிலங்களில் மீண்டும் மூடினார்கள். 2021-இல் சில வாரங்கள் திறந்து, மறுபடி மூடி, அக்டோபரில்தான் படிப்படியாகத் திறந்தார்கள். சிங்கப்பூரிலும் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இதே கதைதான்.

முடிந்துபோன கதையை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று கேட்கலாம். முடிந்தது அந்தக் கிருமியின் கதை. பிள்ளைகள் வீட்டோடு அடைபடும் கதை முடியவில்லை. புகைமூட்டம் வந்தால் பள்ளிக்கூடம் மூடுகிறது. 2005-இல் கிள்ளான் துறைமுகம், 2013-இல் மூவார், 2019-இல் சரவாக், சிலாங்கூர் என்று அது நம்மை விடுவதாக இல்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ குடும்பங்கள் மாடியில் சிக்கிக்கொண்டன. இவையெல்லாம் இல்லாவிட்டாலும், வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் போதும், இரண்டு வாரம் கதவு சாத்தியதுதான். ஆகவே, அந்த நாட்களில் கற்றுக்கொண்டதை மறந்துவிடாமல் எடுத்து வைப்பது நல்லதல்லவா?

முதலில் உண்மையைச் சொல்லுங்கள்

விளையாட்டுக்குப் போகும் முன் ஒன்று. வீட்டிலேயே இருக்கிறோம் என்றால், ஏன் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். "அப்பா ஏன் வேலைக்குப் போகலை?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்" என்று வாயை அடைக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பாம்புச் செவி. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வீட்டு வாடகையைப் பற்றிக் கிசுகிசுப்பது அவர்களுக்குக் கேட்கிறது. பாதி கேட்ட பேச்சை இரவில் படுத்துக்கொண்டு முழுமையாக்கிப் பார்ப்பார்கள். அவர்கள் முழுமையாக்கும் கதை உங்கள் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும்.

"வெளியில் ஒரு நோய் இருக்கிறது. பாட்டிக்கு வந்தால் கஷ்டம். அதனால் நாம் வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு இந்த மாதம் சம்பளம் குறைவு. சோற்றுக்குக் குறைவில்லை, மிட்டாய்க்குத்தான் குறைவு" என்று சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். சோற்றுக்கே குறைவு என்றால், பிள்ளையிடம் சொல்வதற்கு முன் அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். 2021-இல் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார்கள். கட்டியவர்களைத் தேடி அரிசியும் பருப்பும் வந்தன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டி விட்டுப்போன சொத்து

இனி ஆட்டங்களுக்கு வருவோம். கடையில் வாங்கும் பொம்மை மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நம் பாட்டிமார் தோட்டத்து லயத்தில் ஆடிய ஆட்டங்களோ, காசே இல்லாமல் மாதக் கணக்கில் நிற்கும். அவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆடுவதைவிட, ஆட்டத்துக்கான சாமானைச் செய்வதற்கே அதிக நேரம் பிடிக்கும். வெளியே போக முடியாத நாளில் தாய்மாருக்கு வேறென்ன வேண்டும்!

தாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தாயக்கட்டை இல்லையா? கவலை வேண்டாம். ரசத்துக்குக் கரைத்த புளியிலிருந்து கொட்டைகளைக் கழுவி, காயவைத்துக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகும் வரை சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கே வெகு நேரம் ஆகும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடாகும். அதை உடன்பிறப்பின் கையில் வைத்துச் சுடுவதும் நடக்கும். அதற்கு நான் பொறுப்பல்ல! பிறகு காலண்டர் அட்டையின் பின்புறம் கட்டம் போட்டால் ஆட்டம் தயார்.

பல்லாங்குழிப் பலகை இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? முட்டை அட்டையை வெட்டி ஒட்டி, இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்று பதினான்கு குழி செய்துகொள்ளலாம். குழிக்கு ஐந்து வீதம் எழுபது விதை. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டு, கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆட வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்து அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரருக்கு. விதிகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். "எங்க பாட்டி இப்படித்தான் ஆடுவாங்க" என்று கணவனும் மனைவியும் வாதாடினால் அதுவும் ஒரு பொழுதுபோக்குதான். மலாய்க்காரப் பிள்ளைகள் ஆடும் சொங்காக்கும் இதன் உறவுதான். அதில் குழிக்கு ஏழு விதை; சேர்த்ததைப் போட இரண்டு பக்கமும் தனி வீடு. கணக்கு என்றால் காத தூரம் ஓடும் பிள்ளைகூட, குழியில் எத்தனை விதை, எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் கூட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு ஐந்தாங்கல் ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கல் தரையில் விழுந்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார். அதற்கும் வழி இருக்கிறது. பழைய துணியில் சின்னச் சின்னப் பைகளாக ஐந்து தைத்து, உள்ளே பச்சைப் பயறோ அரிசியோ போட்டு மூடிவிடுங்கள். மலாய்க்காரர் 'செரம்பான் கல்' என்று சொல்லும் ஆட்டத்துக்கும் இப்படித்தான் தைப்பார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் ஊசியைக் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். ஆண் பிள்ளையும்தான்! சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாமல் கல்யாணம் வரை வளர்ந்த ஆண்கள் நம்மிடையே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று புலி, பதினைந்து ஆடு. ரப்பர் வளையங்களைப் பின்னிக் கயிறாக்கினால் தாண்டி விளையாடலாம். ஆனால் இது தரை வீட்டுக்கு மட்டும். இன்னும் பால்மரம் நிற்கும் தோட்டத்தில் இருப்பவர்கள், காய் வெடிக்கும் பருவத்தில் ஒரு டின் ரப்பர் விதையைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கி அடித்தால் எது உடைகிறதோ அது தோற்றது. செம்பனை வந்த தோட்டங்களில் இந்தச் செல்வம் போய்விட்டது.

அடுப்படியும் ஒரு பள்ளிக்கூடம்

பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருப்பது பெற்றோரின் வேலை என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வேலையில் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள். தவுகே வால் கிள்ளுவது, நெத்திலிக்குத் தலை கிள்ளிக் குடல் எடுப்பது, சப்பாத்தி உருட்டுவது எல்லாம் உங்களுக்குச் சலிப்பு, அவர்களுக்கு விளையாட்டு. சப்பாத்தி ஆஸ்திரேலியா படம் மாதிரி வந்தால் வரட்டும். நாலு வயதுக் குழந்தை என்றால், மொச்சையையும் கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்து முடித்ததும் மறுபடி கலந்துவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. பக்கத்திலேயே இருங்கள்; ஒன்று மூக்குக்குள் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

மைலோ டின்னில் மண் போட்டு வெந்தயம் விதைத்தால், பொறுமையில்லாத பிள்ளைக்கும் ஏற்ற பயிர். சில நாளிலேயே முளை தெரியும். காங்கோங் கீரையைச் சமைத்தபின் மிஞ்சும் தண்டைத் தண்ணீரில் நிறுத்துங்கள். அதில் வெள்ளை வேர் விடுவதைப் பிள்ளை தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கும்.

வீட்டில் அடைந்திருக்கும் நாளில்தான் விபத்தும் அதிகம் கவனிக்க வேண்டியது. தரை கழுவும் மருந்தைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். கைக்குத் தேய்க்கும் கிருமிநாசினி தீப்பிடிக்கும்; அடுப்புப் பக்கம் வேண்டாம். மாடி வீட்டில் சன்னல் ஓரமாக நாற்காலி, கட்டில் எதுவும் இருக்கக் கூடாது.

ஒரே ஒரு கைப்பேசி

அந்த நாட்களில் பல வீடுகளில் பெரிய சண்டையே கைப்பேசியால்தான் வந்தது. பிள்ளைகள் மூன்று, கைப்பேசி ஒன்று, அதுவும் அப்பாவுடையது. மூன்று ஆசிரியர்களும் அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவார்கள். 2020-இல் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு கல்லூரி மாணவி, இணையம் கிடைக்க வேண்டுமென்று மரத்தில் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயமாகத் தோன்றியிருக்காது. மேட்டில் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தவர்கள் அங்கேயும் உண்டு.

கைப்பேசி பாடத்துக்கு, மிச்ச நேரத்தில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. எழுநூறு சதுர அடி வீட்டில் ஆறு பேர் அடைந்திருக்கும்போது இதை அப்படியே கடைப்பிடிப்பது எளிதல்ல. என் கருத்து, நேரத்தைவிட இடத்தைக் கண்டிப்பாக்குங்கள் என்பதுதான். சாப்பாட்டிலும் படுக்கையிலும் கைப்பேசி இல்லை என்ற ஒரே சட்டம் போதும்.

அதே கைப்பேசிக்கு ஒரு நல்ல வேலையும் உண்டு. தனியாக இருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ தினம் ஒரு பிள்ளை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? காலையில் பெரட்டு எத்தனை மணிக்கு? நம் குடும்பத்தில் முதலில் ரஜூலா கப்பலில் வந்தது யார்? பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கொரோனா எத்தனையோ வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர்களையே கொண்டுபோய்விட்டது. கேட்டு வைத்த பிள்ளைகளிடம் மட்டும் அந்தப் பதில்கள் இருக்கின்றன.

அப்பாமார்களுக்கும் கொஞ்சம்

2020 மார்ச் முடிவில் மகளிர் அமைச்சு, வீட்டில் இருக்கும் மனைவிமார் கணவரிடம் நச்சரிக்காமல் டோரேமோன் குரலில் பேசலாம் என்று ஒரு சுவரொட்டி வெளியிட்டது நினைவிருக்கிறதா? ஊர் சிரித்த பிறகு மன்னிப்பும் கேட்டது. குடும்பத் தலைவர் மட்டும் கடைக்குப் போகலாம் என்றதும், மனைவி எழுதிக் கொடுத்த சீட்டோடு கீரைக் கட்டுகளுக்கு முன்னால் திகைத்து நின்ற ஆண்களையும் பார்த்தோம். நல்ல பயிற்சிதான். அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆடினால், அம்மாவுக்கு ஒரு மணி நேரம் சும்மா உட்காரக் கிடைக்கும்.

இன்னொன்று. கட்டுப்பாட்டு நாட்களிலும் தோட்டங்களில் பெரும்பாலும் வேலை நடந்தது. பெற்றோர் விடியற்காலையில் கிளம்பிவிட, சின்னதுகளைப் பார்க்கும் பொறுப்பு மூத்த பெண் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவளுக்கும் பாடம் இருந்தது, அவளும் பிள்ளைதான். இப்படி ஒரு நிலை வந்தால், அவளுக்கென்று மாலையில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அப்போது தம்பி தங்கை யாரும் அவளை "அக்கா" என்று கூப்பிடவே கூடாது.

கை ஓங்கும் முன்

அடைபட்ட வீட்டில் கோபம் சீக்கிரம் வரும். கடன்காரன் மேல் உள்ள கோபம் பிள்ளையின் முதுகில் இறங்குவதும் உண்டு, மறைப்பானேன்? கை ஓங்கும்போது குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகம் கழுவுங்கள். பிள்ளை வெளியே கத்தினால் கத்தட்டும். கழுவிய பிறகும் ஆறவில்லை, அல்லது வீட்டில் வேறொருவர் அடிக்கிறார் என்றால், தாலியான் காசே 15999 என்ற எண்ணை அழைக்கலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

பிள்ளை "போரடிக்குது" என்று சொன்னவுடன் ஓடிப்போய் ஏதாவது கொடுக்காதீர்கள். கால்மணி நேரம் விட்டுப்பிடியுங்கள். போர்வையை இரண்டு நாற்காலிக்கு நடுவே கட்டிக் கூடாரம் போட்டது யாரும் சொல்லிக்கொடுத்தா?

ஒரு பிஸ்கட் டின்

இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று. தீபாவளிக்கு வாங்கிய பெரிய பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி சாக்கட்டி, புளியங்கொட்டை, எழுபது விதை, தைத்த ஐந்து பைகள், ரப்பர் வளையம், கிழித்த காலண்டர் தாள்கள், ஒரு சீட்டுக்கட்டு, சுவரில் நிழல் காட்ட ஒரு சின்ன டார்ச் விளக்கு, அதற்குரிய மின்கலம் ஆகியவற்றை உள்ளே வையுங்கள். மின்கலம் சின்னப் பிள்ளை வாய்க்குப் போகாதபடி தனியே சுற்றியிருக்கட்டும். டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். சாதாரண நாளில் எவ்வளவு கெஞ்சினாலும் இறக்காதீர்கள். புகை வந்து பள்ளிக்கூடம் மூடும் நாளில், மழை நிற்காத நாளில், அம்மை போட்ட பிள்ளை முனகும் நாளில் இறக்குங்கள். மூடியின் உட்புறத்தில் தாயக்கட்டத்தை அழியாத மையால் இன்றே வரைந்து வைத்துவிட்டால், மின்சாரம் போன இரவிலும் தேடாமல் ஆடலாம்.