எண்ணெயும் நீரும் குழாயிற் கலக்குமா?

இல்மனைற்று மணலாற் பெயர்பெற்ற புல்மோட்டையில், தோட்டமொன்றின் மிளகாய்ச் செடிகளை வெள்ளை ஈ பற்றியதென வைத்துக்கொள்வோம். கமக்காரர் தெளிகருவியின் தாங்கியில் வேப்பெண்ணெயை ஊற்றி, நீரை நிரப்பித் தெளிக்கிறார். குழாய்வழியே செல்கையில் இரண்டும் கலந்துவிடும் என்பது அவர் எண்ணம். சில நாட்களில் முதல் வரிசைகளிற் பூச்சி குறையாதிருப்பதையும், கடைசி வரிசைகளில் இலைகள் கருகியிருப்பதையும் காண்கிறார். எண்ணெய்ச் செலவும் கூலியும் வீண், விளைச்சலுக்கும் கேடு.

இதன் காரணம் யாது? எண்ணெய் நீரிலும் இலேசானது; ஆதலால் மேலே மிதக்கும். தாங்கியின் அடியிலிருந்து முதலில் நீரும், ஈற்றில் செறிந்த எண்ணெயும் வெளிப்படும்.

குழாயும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அகலமுள்ள கண்ணாடிக் குழாயில் இவ்விரு திரவங்களையும் மெதுவாகச் செலுத்தினால், அவை துண்டு துண்டாக ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். ஒவ்வொரு துண்டினுள்ளும் திரவம் நடுவில் முந்தியும் சுவரருகே பிந்தியும் சுழலும். இச்சுழற்சியால், இரண்டிலும் கரையக்கூடிய பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து கடக்கும். இரசாயன ஆய்வுகூடங்கள் இதனைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் எண்ணெய் எண்ணெயாகவும் நீர் நீராகவுமே இருக்கும். தெளிகருவிக் குழாய் இதனினும் அகன்றது. அங்கே துண்டுகளின் ஒழுங்கு குலையுமேயன்றி, இரண்டும் ஒன்றாகா.

இவற்றை இணைப்பது சவர்க்காரம். அது எண்ணெயை நுண்துளிகளாகப் பிரித்து, அவை மீண்டும் ஒன்றுசேராது தடுக்கும். 10 லீற்றர் கலவைக்கு 50 கிராம் சவர்க்காரத்தைச் சீவி, சிறிது வெந்நீரிற் கரைக்க வேண்டும். அதில் 300 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, பால் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். பின்னர் எஞ்சிய நீரைச் சேர்க்கலாம். எண்ணெய் மேலே படர்ந்தால் மீண்டும் கலக்குக. தெளிக்கும்போதும் தாங்கியை இடையிடையே அசைத்தல் நன்று.

முதலில் இரண்டொரு செடிகளிற் பரீட்சித்து, தீங்கில்லையெனக் கண்டபின் தோட்டம் முழுவதும் மாலையில் தெளிக்க. கலவையை அன்றே பயன்படுத்துக.

1961ஆம் ஆண்டில் ஜி. ஐ. தெயிலர் என்னும் ஆங்கில அறிஞர், குழாயிலுள்ள பிசுபிசுப்பான திரவத்தைக் காற்றாற் தள்ளினும் சுவரில் ஒரு படலம் எஞ்சுவதை அளந்து காட்டினார். எண்ணெய்க் கலவைக்கும் இது பொருந்தும். எனவே வேலை முடிந்ததும் தாங்கி, குழாய், முனை ஆகியவற்றைச் சவர்க்கார நீராற் கழுவுதல் அவசியம். ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.