அரும்பாவூர் மரச்சிற்பம் ரூ.36,000: விலை அதிகமா? வாங்க, கணக்கு போடலாம்



சென்னையில இருந்து திருச்சிக்குப் போற நெடுஞ்சாலையில பாடாலூரைப் பலமுறை தாண்டியிருப்பீங்க. அதே பெரம்பலூர் மாவட்டத்துல, பச்சைமலை அடிவாரத்துல அரும்பாவூர் இருக்கு. கோயில் வாகனம், கதவு, சாமி சிலைன்னு மரத்துல செதுக்குற ஊர். 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

புது வீட்டுக்கு இரண்டடி பிள்ளையார் வாங்கலாம்னு போறீங்க. விலை 36,000 ரூபாய்னு சொல்றாங்க. "மரத்துக்கா இவ்வளவு?"ன்னு வாய் வரைக்கும் வந்துடும். கேக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

காசு எதுக்குப் போகுது?

ஒரு உதாரணக் கணக்கு. மரத்தையும் அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்து இது மாறும்.

- மரம்: ரூ.6,000
- பாலிஷ், கருவி, இதர செலவு: ரூ.5,000
- 25 நாள் வேலை, நாளுக்கு ரூ.1,000: ரூ.25,000

நீங்க பேரம் பேசி 20,000-க்கு முடிச்சுட்டீங்கன்னு வைங்க. மரத்தின் விலை குறையாது, பாலிஷ் செலவும் குறையாது. மிச்சம் 9,000 ரூபாய்தான். அதை 25 நாளுக்குப் பிரிச்சா, சிற்பிக்கு ஒரு நாளைக்கு 360 ரூபாய். மாசம் 30,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கே, 26 வேலை நாள்னா, நாளுக்கு 1,150 ரூபாய்க்கு மேல வருது. 360-க்கு அவர் என்ன செய்வார்? 25 நாள் வேலையை ஒன்பது நாள்ல முடிப்பார். நீங்க குறைச்சது விலையை இல்லை, வேலையை.

லண்டன் துப்பாக்கியிலும் இதே கதைதான்

1814-ல் தொடங்கின பர்டி, 1835-ல் தொடங்கின ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரி லண்டன் நிறுவனங்கள் ஆர்டரின் பேர்ல வேட்டைத் துப்பாக்கி செய்யுறாங்க. நம்ம ஊர் மகாராஜாக்களும் இவங்ககிட்ட வாங்கினவங்கதான். இன்னைக்குப் புதுசா ஒண்ணு செய்யச் சொன்னா ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும். குழல், மரப்பிடி, செதுக்கு வேலைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஆள். உலோகத்துல விளக்குக் கரியைப் பூசி, வால்நட் மரப்பிடியில வச்சு எடுப்பாங்க. கரி ஒட்டின இடத்தை மட்டும் உளியால மெல்லச் சீவுவாங்க. இடைவெளியே இல்லாம பொருந்துற வரைக்கும் திரும்பத் திரும்ப இதே வேலை. அங்கேயும் விலையில பெரும்பங்கு மனுஷனோட நேரம்தான்.

நல்ல வேலையை எப்படி அடையாளம் காண்பது?

- பின்பக்கம் பாருங்க. முன்னாடி மட்டும் நேர்த்தியா இருந்தா, அவசர வேலை.
- மர ரேகையைப் பின்தொடருங்க. அரும்பாவூர் சிற்பங்கள் பெரும்பாலும் ஒரே கட்டையில செதுக்குறது. தும்பிக்கையிலோ கையிலோ ரேகை சட்டுனு மாறினா, ஒட்டு வேலையான்னு கேளுங்க.
- உள்மூலைகளைத் தொட்டுப் பாருங்க. உளி பட்ட மூலை கூர்மையா இருக்கும். மெஷின்ல சுழலுற கட்டர் போன மூலை லேசா உருண்டிருக்கும்.
- மரம் காய்ஞ்சதான்னு கேளுங்க. ஈர மரம் பின்னாடி வெடிக்கும். அடர்த்தியான பெயிண்ட், வெடிப்பை மறைக்கவும் உதவும்.

இது முதலீடா?

இல்லை. 2023-ல் திப்பு சுல்தானின் வாள் லண்டன் ஏலத்துல 1.4 கோடி பவுண்டுக்கு மேல போச்சு. அந்த விலையில வரலாறும் சேர்ந்திருக்கு. இன்னைக்கு ஆர்டர் கொடுத்துச் செஞ்ச லண்டன் துப்பாக்கியே கைமாறும்போது பெரும்பாலும் வாங்கின விலைக்குப் போகாது. புவிசார் குறியீடு அரும்பாவூர்ங்கிற பேரைப் பாதுகாக்கும். உங்க மறுவிற்பனை விலையைப் பாதுகாக்காது. அதனால இதை மியூச்சுவல் ஃபண்டு, தங்கம் இருக்கிற பட்டியல்ல எழுதாதீங்க. வீட்டுச் செலவுப் பட்டியல்ல, "பேரன் பேத்திக்கும் இருக்கும்"னு எழுதுங்க.

எப்படி வாங்கலாம்?

1. அவசரகால நிதி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பிள்ளையார் கொஞ்சம் காத்திருப்பார்.
2. மாசம் 3,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 12 மாசத்துல 36,000 கையில. கிரெடிட் கார்டு பாக்கி வச்சு வாங்கினா, மாசம் 3.5% வட்டின்னாலே வருஷத்துக்கு 42% ஆகுது.
3. ஆர்டரை முன்னாடியே கொடுங்க. எந்த மரம், என்ன அளவு, எந்தத் தேதி எல்லாத்தையும் எழுதி வாங்குங்க.
4. முன்பணம், பாதி வேலை, முடிஞ்ச வேலைன்னு மூணு தவணையா கொடுங்க. சிற்பிக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

36,000 கட்டுப்படியாகலையா? பேரம் பேசாதீங்க, அளவைக் குறைங்க. இரண்டடிக்குப் பதிலா ஒரு அடி பிள்ளையார் கேளுங்க. சின்னதா இருந்தாலும் முழு வேலையோட வீட்டுக்கு வருவார்.

அடுத்த தடவை பாடாலூர் வழியா போனா, நேரம் ஒதுக்கி அரும்பாவூருக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. வாங்கலைன்னாலும் பரவாயில்லை, ஒரு உளி எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்த்துட்டு வாங்க.