மட்டை செய்வோம், வாருங்கள்!

கிரிக்கெட் பேட்டுக்குத் தமிழில் 'மட்டை' என்று பெயர் சூட்டியவர் யாரோ தெரியாது. தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்! நம்மூர்ப் பிள்ளைகளின் முதல் பேட் கடையில் வாங்கியதல்ல, மரத்திலிருந்து விழுந்தது.

குமரி மாவட்டமும் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது பனச்சமூடு. மூடு என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் மரத்தின் அடி. நாகர்கோவில் வேப்பமூடும் அப்படி வந்த பெயரே. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் பிள்ளைகளின் பேட் எல்லை பார்ப்பதில்லை. மலையாளம் பேசும் பையனுக்கு அது மடல். தமிழ்ப் பையனுக்கு மட்டை. மடலும் நமக்கு அந்நியமான சொல்லா? சங்க காலத்துக் காதலன் பனைமடலில் குதிரை செய்து ஏறியவன் அல்லவா!

செய்முறை

பனை மட்டை இதற்கு உதவாது. அதன் ஓரத்துக் கருக்கு ரம்பம் போல் கையை அறுத்துவிடும். தென்னை மட்டையே வழவழப்பானது. நன்கு வளர்ந்த ஒரு தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலைகளுக்குக் குறையாமல் உதிர்ப்பதால் பஞ்சமும் இல்லை.

பச்சை மட்டை கனக்கும், காய்ந்தால் சுருங்கும். மழையில் கிடந்தது உளுத்திருக்கும். தானே விழுந்து சில நாள் காய்ந்ததுதான் சரி. ஓலையைக் கழித்துவிட்டு, அகன்ற அடிப்பக்கத்திலிருந்து இரண்டரை, மூன்று அடி நீளம் வெட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பக்கம் அடிக்கும் பலகை. மெலிந்த பக்கத்தை வெட்டுக்கத்தியால் இருபுறமும் செதுக்கினால் கைப்பிடி. அதில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் வழுக்காது. வெளித்தோலைச் சீவிவிடக் கூடாது. பலமே அதில்தான் இருக்கிறது. ரப்பர் பந்து, டென்னிஸ் பந்துக்கு இது தாங்கும். தோல் பந்துக்குத் தாங்காது.

இங்கே என்ன செய்வது?

தென்னையில்லாத இந்தக் குளிர்நாட்டில் நம் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். அந்த மட்டையையும் வீட்டில் செய்யலாம். 37 அங்குல நீளமும் 2¾ அங்குலக் குறுக்களவும் உள்ள ஆஷ் அல்லது மேபிள் உருளைக் கட்டை மரக்கடைகளில் கிடைக்கும். கடைசல் இயந்திரம் இருந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. இல்லாவிட்டால் இழைப்புளியும் அரமும் உப்புத்தாளும் போதும். பொறுமைதான் கூடுதலாக வேண்டும். பெரிய லீக் விதிப்படி மிகப் பருத்த இடத்தில் 2.61 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கைப்பிடி ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறையலாம்.

கட்டை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மரத்தின் இழை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். 2008ஆம் ஆண்டு மேபிள் மட்டைகள் ஆட்டக்களத்தில் சிதறிப் பறந்ததை ஆராய்ந்தவர்கள், சாய்ந்து ஓடிய இழையே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். தென்னை மட்டை அடி தாங்குவதும் அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால்தான். பனச்சமூட்டுப் பையன் கைப்பழக்கத்தில் அறிந்ததும் அமெரிக்கப் பொறியியலார் அளந்து சொன்னதும் ஒன்றே.

கடையில் வாங்கித் தருவது நமக்கு எளிது. ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது, ஏன் உடைகிறது என்பதை விலைச்சீட்டு சொல்லாது. மட்டை, மடல், கருக்கு, நார், இழை என்ற சொற்களைப் பாடப்புத்தகத்தில் படித்தால் பிள்ளைகள் மறுவாரமே மறப்பார்கள். உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே கேட்ட சொல் மறக்காது. தமிழ்ப் பள்ளி நடத்தும் அன்பர்கள் ஒரு வகுப்பை இப்படியும் நடத்திப் பார்க்கலாமே!

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் பிளாஸ்டிக் பேட் எடுத்துச் செல்லாதீர்கள். தோப்பில் விழுந்து கிடக்கும் மட்டையை எடுத்து, வெட்டுக்கத்தி பிடிக்கத் தெரிந்த தாத்தாவிடமோ மாமாவிடமோ பிள்ளையை அனுப்புங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.