காலிப் பணியிடம்: வெட்டப்பட்ட சேவை, மறுக்கப்பட்ட வேலை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவது எளிது. அதைவிட, அவர் விட்டுப்போன வேலையின் கணக்கை ஒப்படைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளில் மக்களைத் திரட்டும்போது நாங்கள் கற்றதையும் தவறியதையும் இங்கே முன்வைக்கிறோம்.

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. வீட்டு வேலைக்கு நடந்தே போய்வந்த பெண்களுக்கு வேலை பல மைல் தூரத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்கோ முகவரியே வினையானது. நேர்காணலுக்குப் போகிறவர்கள் 'கண்ணகி நகர்' என்று எழுதாமல் 'ஒக்கியம் துரைப்பாக்கம்' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். சாதியைக் கேட்கக் கூச்சப்படும் நிறுவனம் முகவரியைக் கேட்கக் கூச்சப்படுவதில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் அரசின் சேவை வெட்டப்படும்போது அதற்கென்று ஓர் ஆணை வருவதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. செவிலியர் மாற்றலாகிப் போகிறார். பக்கத்துப் பகுதிச் செவிலியரே 'கூடுதல் பொறுப்பு' பார்க்கிறார். எதுவும் மூடப்பட்டதாகப் பதிவில் இருக்காது. ஆனால் கதவு மட்டும் பூட்டியிருக்கும்.

எங்கள் முதல் தவறு இங்கேதான் நடந்தது. 'வேலை கொடு' என்று பேரணி நடத்தினோம். கூட்டம் வந்தது. மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி 'ஆவன செய்கிறோம்' என்றார். அடுத்த வாரக் கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். மற்றொரு பக்கம், பெண்கள் அங்கன்வாடிக்காகத் தனியே மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றே நாங்களும் நம்பியிருந்தோம்.

ஒரு தாய்தான் முடிச்சை அவிழ்த்தார். "அங்கன்வாடிக்கு ஆளில்லைங்கறீங்க, என் பொண்ணுக்கு வேலையில்லைங்கறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அங்கன்வாடிப் பணிக்கு அந்தப் பகுதியில் வசிக்கும் பெண்ணைத்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் நம் தெருவின் காலிப் பணியிடம் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்ட சேவையாகவும் மறுக்கப்பட்ட வேலையாகவும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு தாயும் மகளும் ஒரே கூட்டத்துக்கு வந்தார்கள்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாத் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. ஆனால் சவுதார் குளத்தில் தலித் கை படவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய் நீரை அள்ளிய பிறகே அந்தத் தீர்மானம் என்னவென்று ஊருக்குத் தெரிந்தது. காகிதத்தில் இருக்கும் உரிமையை நோக்கிச் சேர்ந்து நடப்பதுதான் மகாத். அப்படி நடப்பதற்கு முன், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆகவே எண்ணத் தொடங்கினோம். மாணவர்கள் இந்த முறையைக் குறித்துக்கொள்ளலாம். பிளாக்கின் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு பெண், ஓர் இளைஞர். கையில் ஒரு நோட்டு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர் யார், என்ன படித்தவர் என்று எழுத வேண்டும். பிறகு விதியோடு ஒப்பிட வேண்டும். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பது நெறிமுறை. 1000 வீடுகளில் வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 4000 பேர். குறைந்தது ஐந்து அங்கன்வாடிகள் வேண்டும். இருப்பது எத்தனை? இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் படிப்பு போதும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்றே கேள்விகள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, காலியாக இருப்பது எந்தத் தேதியிலிருந்து? முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் படிக்கட்டின் கீழே ஒட்டுகிறோம். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். 'ஆவன செய்கிறோம்' என்ற பதில் அதன்பின் செல்லுபடியாவதில்லை. தேதி சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பணியிடத்தை நிரப்பு என்று மட்டும் கேட்டால் ஒப்பந்தக்காரரை வைத்து நிரப்புவார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்தது தனியார்மயத்தை எதிர்த்துத்தான். அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதனுள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்பது தமிழ்நாட்டில் நாம் போராடிப் பெற்றது. ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியல் இந்தக் கணக்குக்கு உட்பட்டதல்ல. அங்கே நம் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் துடைப்பம்தான். ஆகவே 'நிரப்பு' என்பதோடு 'நிரந்தரமாக நிரப்பு' என்றும் கேட்க வேண்டும்.

எல்லாம் வென்றுவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. சில கதவுகள் திறந்தன, பல இன்னும் பூட்டியே இருக்கின்றன. நோட்டு எடுத்துப் போன சில பிள்ளைகள் சலித்து விலகினார்கள். ஆனால் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறோம். படிக்கட்டுக் கணக்கெடுத்த பெண் ஒருவர் அண்மையில் வேலை விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்றே எழுதினார். "எழுதினா வேலை கிடைக்காதே" என்றார் தோழி. "கிடைக்கலைன்னா அதையும் நோட்டுல எழுதலாம்" என்றார் அவர்.

தலித் இலக்கியம் நம் வலியை எழுதக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கையாலேயே கணக்கையும் எழுதுவோம். உங்கள் தெருவில் எத்தனை பணியிடம் காலி என்று போய் எண்ணுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்த நோட்டுகளை விரித்துப் பேசுவோம்.

ஜெய்பீம்.