கிணற்று நீருக்கேற்ற நெல்லும் கடலையும்

நெல்லில் லாபம் கூடுதல் என்று நிலம் முழுவதும் நட்டுவிட்டு, கதிர் வரும் சமயம் கிணறு வற்றினால் வைக்கோல்தான் மிஞ்சும். எதை எத்தனை ஏக்கரில் போடுவது என்பதை நடவுக்கு முன்பே ஒரு தாளில் கணக்கிட்டு விடலாம்.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் 20 வினாடியில் நிரம்பினால், மோட்டார் மணிக்கு 36,000 லிட்டர் இறைக்கிறது. கிணறு தினம் மூன்றரை மணி நேரம் தாங்கினால் 108 நாட்களில் சுமார் 136 லட்சம் லிட்டர் கிடைக்கும். ஏக்கருக்கு நெல் சுமார் 48 லட்சம் லிட்டர் கேட்கும். நிலக்கடலைக்கு 20 லட்சம் போதும். மழை பெய்தால் இறைப்பு குறையும். மணற்பாங்கான நிலத்தில் நெல்லுக்கு இன்னும் கூடும். அங்கே நெல்லை நினைக்காமல் இருப்பதே நல்லது.

நிலம் 4 ஏக்கர். செலவு போக ஏக்கருக்கு நெல்லில் 18,000 ரூபாயும் கடலையில் 12,000 ரூபாயும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கணக்கு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நிபந்தனை இரண்டுதான்: மொத்தப் பரப்பு 4 ஏக்கரைத் தாண்டக்கூடாது, மொத்தத் தண்ணீர் 136 லட்சத்தைத் தாண்டக்கூடாது.

நெல் மட்டும் என்றால் தண்ணீர் 2 ஏக்கர் 83 சென்டுக்குத்தான் வரும். லாபம் சுமார் 51,000 ரூபாய். மீதி நிலம் தரிசு. கடலை மட்டும் என்றால் 48,000 ரூபாய். 80 லட்சம் லிட்டர் செலவாகி, 56 லட்சம் மிஞ்சும். கடலையிலிருந்து நெல்லுக்கு மாற்றும் ஒவ்வோர் ஏக்கருக்கும் 28 லட்சம் லிட்டர் கூடுதலாகத் தேவை. மிஞ்சிய 56-ஐ 28-ஆல் வகுத்தால் 2. ஆக, நெல் 2 ஏக்கர், கடலை 2 ஏக்கர். நிலமும் மிஞ்சாது, நீரும் மிஞ்சாது. லாபம் 60,000 ரூபாய்.

விலை மாறினால் என்ன செய்வது? நெல்லுக்கான நீரைக் கடலைக்கான நீரால் வகுத்தால் 2.4 வருகிறது. நெல்லின் ஏக்கர் லாபம் கடலையின் லாபத்துக்குக் குறையாமலும், அதைப் போல 2.4 மடங்கைத் தாண்டாமலும் உள்ளவரை இந்தப் பங்கீடே சிறந்தது. தாண்டினால் நெல் மட்டும் போட்டு மீதியைத் தரிசாக விடலாம். கடலை லாபம் மிஞ்சினால் முழுவதும் கடலைதான்.

பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் வாங்குவோரும் இதையே பார்க்க வேண்டும். 28 லட்சம் லிட்டர் வாங்கினால் மேலும் ஓர் ஏக்கர் நெல்லாகும். கூடுதல் லாபம் 6,000 ரூபாய். அதே அளவு இறைக்கும் மோட்டார் என்றால் 78 மணி நேரம் ஓடவேண்டும். எனவே மணிக்கு 77 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நட்டம்.

நெல்லைக் கிணற்றையொட்டிய தாழ்ந்த வயலிலும், கடலையை மேட்டு நிலத்திலும் போடுங்கள். நெல் பூக்கும்போதே கடலையில் விழுது இறங்கினால் அந்த மூன்றரை மணி நேர இறைப்பு இரண்டுக்கும் எட்டாது. விதைப்பைப் பத்துப் பதினைந்து நாள் முன்பின்னாக வைத்துக்கொள்ள வேண்டும்.