வயலோரத்தில் ஒரு சித்திர வகுப்பு

நமது வீடுகளில் சித்திரத்துக்கு ஒரு விசித்திரமான நிலை இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை கொப்பியில் ஒரு பூவை வரைந்து காட்டினால் உம்மா மகிழ்ந்து, அதை மூத்தம்மாவிடமும் காட்டச் சொல்லுவார். அதே பிள்ளை பத்தாம் ஆண்டில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கப் போகிறேன் என்றால், "அது ஹறாமில்லையா? மௌலவியிடம் கேட்டு வா" என்பார். அப்படிக் கேட்டு வரும் பிள்ளைகளைப் பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் சந்திக்கிறேன். சில வேளை பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு உம்மா வாசலில் நிற்பார். கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. யாரிடமும் கேட்காமலே பாடத்தை மாற்றிவிடுபவர்களைப் பற்றித்தான் கவலை.

2024 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் பெண்களுக்கென்று ஒருநாள் சித்திரச் செயலமர்வு ஒன்று நடந்தது. திறந்த வெளியில் அமர்ந்து இயற்கைக் காட்சியை நீர்வர்ணத்தால் வரையப் பழகுவதே அதன் நோக்கம். ஆரம்பத்தில் அரை மணி நேரம் மார்க்க விளக்கம் சொல்ல வேண்டும் என்று, அதை நடத்திய சித்திர ஆசிரியை என்னை அழைத்திருந்தார். இடம் ஒரு சகோதரியின் வீட்டுத் தோட்டம். முன்னால் வயல், அதற்கு அப்பால் தென்னையும் கமுகும், அவற்றுக்கு மேலே பதலேகல மலை. கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவைக் கணவாயால் போனவர்கள் அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். உச்சி தட்டையாக, மூடி வைத்த ஒரு தடித்த புத்தகம் போல இருப்பதால் ஆங்கிலேயர் அதற்குத் தங்கள் வேதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் உம்மாமார். இருவர் பேரப்பிள்ளை கண்டவர்கள்.

நான் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான். உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைப்பது பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை வந்திருக்கிறது. அதை மறைக்கவும் கூடாது, மென்று விழுங்கவும் கூடாது. ஆனால் அந்த எச்சரிக்கையை அறிவிக்கும் ஸஹாபாக்களில் ஒருவரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்த சம்பவமும் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. உருவம் செய்வதுதான் அவருடைய கைத்தொழில், அதில்தான் அவருடைய சாப்பாடு. நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை இப்னு அப்பாஸ் (ரழி) எடுத்துச் சொன்னதும் அந்த மனிதருக்கு மூச்சு முட்டியது, முகம் வெளிறிப் போனது. அந்த நிலையில் அவரை வெறுங்கையோடு அனுப்பாமல், இந்தத் தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்து கொள்ளுமாறு வழிகாட்டினார்கள். ஒரு தொழிலாளியின் முகம் வெளிறியதைக் கவனித்து, அவருக்கு ஹலாலான வழி எது என்று யோசித்துச் சொன்ன பதில் அது. நம்மிடம் கேட்டு வரும் பிள்ளையின் முகத்தை நாம் அவ்வளவு கவனிக்கிறோமா?

நமது ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாமான நவவி (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், மரம் போன்ற உயிரற்றவற்றை வரைவது ஹறாமல்ல என்று தெளிவாகவே எழுதுகிறார்கள். காய்க்கும் மரத்தை மட்டும் தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) விரும்பவில்லை என்ற தனிக் கருத்தையும் அங்கேயே குறிப்பிடுகிறார்கள். இதைச் சொன்னபோது ஒரு தாத்தா, "அப்ப தென்னையைக் கீற ஏலாதா மௌலவி?" என்று கேட்க எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கீறலாம். உலமாக்களில் பெரும்பான்மையினர் அந்தக் கருத்தை எடுக்கவில்லை.

திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலையும் நினைவுபடுத்தினேன். கலீபா வலீத் பின் அப்துல் மலிக் காலத்தில், கி.பி. 706 முதல் 715 வரை கட்டப்பட்ட அந்தப் பள்ளியின் முற்றத்துச் சுவர்களில், வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆறு, பெருமரங்கள், மாடமாளிகைகள் எல்லாம் அமைத்திருக்கிறார்கள். மனிதனோ மிருகமோ அதில் இல்லை. பிற்காலத்தில் சுண்ணாம்புப் பூச்சின் கீழே மறைந்து போன அந்தக் காட்சிகள் 1920களின் இறுதியில் மீண்டும் வெளிக்கொணரப்பட்டன.

அதன் பின்னர் எனக்கு வேலையில்லை. விறாந்தையில் வீட்டுக்காரருடன் அமர்ந்து, ஆசிரியை சொல்வதைக் கேட்டுக் கொண்டிருந்தேன். கையில் தூரிகையைக் கொடுக்கும் முன் அவர் ஒரு காட்போட் மட்டையில் சின்னச் சதுர ஓட்டை வெட்டி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளியில் வந்ததும் எல்லாவற்றையும் தாளில் அடைக்கத்தான் மனம் ஆசைப்படும். ஓட்டைக்குள் தெரிவது மட்டுமே இன்றைய சித்திரம் என்றார். அடுத்து அடிவானக் கோடு. பிறகு பென்சிலால் நிழல்களின் எல்லை. வெயில் நகர நகர நிழலும் நகரும், இரண்டு மணித்தியாலத்தில் காட்சியே வேறாகிவிடும் என்பதால் நிழலை முதலிலேயே குறித்துக் கொள்ள வேண்டுமாம். ழுஹருக்கும் அஸருக்கும் நிழலைப் பார்த்து நேரம் கணித்த சமூகத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை என்று எனக்குள் நினைத்துக் கொண்டேன்.

நீர்வர்ணத்தில் வெள்ளை நிறம் பூசுவதில்லை, தாளின் வெண்மையையே வெள்ளையாக விட்டுவிட வேண்டும். ஆகவே மெல்லிய நிறத்தில் தொடங்கித்தான் கடும் நிறத்துக்குப் போக முடியும். வானம் முதலில். அது காய்வதற்குள் மலையைப் பூசினால் இரண்டும் ஒன்றில் ஒன்று ஊறிவிடும். பலருக்கு அப்படியே ஊறியது. டிசம்பர் மாத ஈரக் காற்றில் தாள் காய நேரம் எடுத்தது.

எல்லோரும் தடுமாறிய இடம் பச்சை. பெட்டியில் இருந்த பச்சையை எடுத்து வயல், தென்னை, மலை எல்லாவற்றுக்கும் பூசத் தொடங்கினார்கள். ஆசிரியை எல்லோரையும் நிறுத்தி, எதிரில் எத்தனை பச்சை என்று எண்ணச் சொன்னார். இளம் நாற்று மஞ்சள் கலந்த பச்சை. பலா மரம் கறுப்புக்குக் கிட்டிய பச்சை. தென்னோலையில் வெயில் பட்ட பக்கம் வெள்ளையாகவே மின்னியது. மலையோ பச்சையே அல்ல, நீலம். மலையில் இருப்பதும் மரந்தானே என்று ஒரு சகோதரி வாதாடினார். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூட அந்த நீலம் காட்சியின் மேல் படிகிறது. பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குப் பார்வையைத் தருகிறது என்று ஆயிரம் வருடங்களுக்கு முன் நிறுவிக் காட்டியவர் நமது இப்னுல் ஹைஸம். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரையுங்கள் என்று ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னதும் அதைத்தான்.

வீட்டில் தொடங்க விரும்பும் சகோதரிகள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் வர்ணத்துக்கு விற்கப்படும் சொரசொரப்பான தூரிகைகளில் பல பன்றி மயிரால் செய்யப்படுபவை, அது நஜீஸ். நைலோன் தூரிகை வாங்கினால் சந்தேகமே இல்லை, விலையும் குறைவு. (1841 இல் ஓர் அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடிக்கும் வரை ஐரோப்பியர் எண்ணெய் வர்ணத்தையே பன்றியின் சிறுநீர்ப் பையில்தான் கட்டி வைத்தார்கள்.) மற்றது வுழூ. நீர்வர்ணம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். எண்ணெய் வர்ணமும் எக்ரிலிக் வர்ணமும் தோலில் காய்ந்தால் படலமாகிவிடும், அதை நீக்காமல் வுழூ நிறைவேறாது. நகக்கண்ணையும் பார்க்க வேண்டும்.

ழுஹர் தொழுது, சாப்பிட்டு, மீண்டும் அமர்ந்தார்கள். தங்கள் வீட்டுத் தேவை எதுவும் கலக்காத ஒரு வேலைக்காக இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்தது கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று இருவர் சொன்னதாக ஆசிரியை பிறகு என்னிடம் சொன்னார். பிள்ளைகளை அன்று வாப்பாமார் பார்த்துக் கொண்டார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

பிற்பகலில் வயலில் ஒரு கொக்கு வந்து இறங்கியது. அதை ஒரு வெள்ளைப் புள்ளியாக விடலாமா என்று விறாந்தைக்கு ஒரு பிள்ளையிடம் கேள்வி அனுப்பினார் முதியவர் ஒருவர். உறுப்புகள் விளங்காத அளவு சிறிய உருவம் பற்றி புகஹாக்கள் பேசியிருக்கிறார்கள், ஆனால் இன்றைக்கு வயலே போதும் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அவருடைய தாளைக் காட்டினார்கள். கொக்கு நின்ற இடத்தில் சேற்றுத் தண்ணீரின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அவருடைய மகள் போன வருடம் சித்திரப் பாடத்தை விட்டவளாம். அதை மீண்டும் எடுக்க அதிபரிடம் யார் பேசுவது என்று அவர் என்னிடம் கேட்டார். நான் பேசுகிறேன் என்றேன்.